இமிகிரேஷன் கவுன்டரில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

சேலம் கமலாபுரம் விமான நிலையத்தில் வெளிநாட்டு விமானம் கிடையாது. அதனால் மலேசியா, சிங்கப்பூர் போகிற நம்ம ஊர்க்காரர்கள் பலர் நாமக்கல் வழியாகத் திருச்சிக்கு பஸ் ஏறுகிறார்கள். போன முறை பக்கத்து சீட்டில் வந்த தம்பி, "டூரிஸ்ட்... ஃபைவ் டேஸ்... ஓட்டல்" என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எந்த ஓட்டல் என்று சும்மா கேட்டேன். போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டார். விசாரித்தால், தங்கப்போவது சித்தப்பா வீட்டிலாம்! ஓட்டல் புக்கிங் ஏஜென்ட் போட்டுக்கொடுத்த டம்மி.

சித்தப்பா வீட்டில் தங்குவது குற்றமா என்ன? அவர் முகவரியையும் போன் நம்பரையும் காட்டினால் வேலை முடிந்தது. வாய் சொல்வதும், பேப்பர் சொல்வதும், பெட்டி சொல்வதும் ஒத்துப்போகிறதா என்றுதான் அதிகாரி பார்க்கிறார். இரவல் பதில் இரண்டாவது கேள்வியிலேயே உதிர்ந்துவிடும். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இறங்குவதற்கு முந்தைய 3 நாள்களுக்குள் ஆன்லைனில் நிரப்பும் வருகை அட்டை இலவசம்தான். அதை நீங்களே நிரப்புங்கள். என்ன எழுதினோம் என்பதாவது ஞாபகத்தில் இருக்கும்.

விசாரணை வெளிநாட்டில்தான் தொடங்கும் என்று நினைப்பதும் தவறு. பத்தாவது தேறாதவர்கள் பலருடைய பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகை (எமிகிரேஷன் செக் ரிக்வயர்ட்; மகாபலிபுரம் ரோடு இல்லை). மலேசியா, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்களுக்கு முன் அனுமதி வேண்டும். சுற்றுலா போவதாகச் சொல்லிக்கொண்டு, போனில் "சம்பளம் 1,800 ரிங்கிட், சாப்பாடு ஃப்ரீ" என்ற மெசேஜோடு நின்றால் திருச்சியிலேயே மாட்டிக்கொள்ள நேரிடும். வரிசையில் நின்றபடி அதை அவசர அவசரமாக அழிப்பது இன்னும் மோசம். உங்கள் விரல்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல். இனிஷியலை விரித்து எழுதியதால் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். அதிகாரி "மிஸ்டர் முருகேசன்" என்று கூப்பிடுவார். மகன் செந்தில், அப்பாவைத் தேடுகிறவர் மாதிரி திரும்பிப் பார்ப்பார். அப்பா பெயரைச் சொன்னாலும் அது உங்களைத்தான். அதேபோல் "ஆமாம்" என்பதற்கு நாம் பக்கவாட்டில் ஆட்டும் தலை, வெளிநாட்டில் "இல்லை" என்று படும். வாயைத் திறந்து யெஸ், நோ சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. கவுன்டரில் தமிழ் பேசுபவரே இருக்கலாம். உடனே "அண்ணே, பூர்வீகம் எந்த ஊருங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் டூட்டியில் இருக்கிறார். தமிழில் பதில் சொல்லலாம், உறவு கொண்டாட வேண்டாம்.

பெட்டியில் என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்லைங்க, மசாலாதான்" என்பது நம் வழக்கம். அந்த மசாலாவில் கசகசா இருந்தால் வம்பு; அது அபின் செடியின் விதை என்பதால் சிங்கப்பூரில் தடை. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடி என்றால் பரிசு. விலைச்சீட்டோடு இருபது ஜோடி இருந்தால் அது வியாபாரம். பில்லை எடுத்துவைத்து, சுங்கத்தில் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

தனி அறைக்குக் கூட்டிப்போனால் பதறாதீர்கள், சத்தம் போடாதீர்கள், போனில் வீடியோ எடுக்காதீர்கள். கேள்வி புரியாவிட்டால் குத்துமதிப்பாகத் தலையாட்டாமல், "தமிழ் இன்டர்பிரட்டர், ப்ளீஸ்" என்று கேளுங்கள். அவர்கள் நீட்டும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.