கால் சிரையில் ரத்தம் உறையாமல் இருக்கப் பூண்டும் மஞ்சளும் போதுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் யாருக்காவது ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால், ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். நல்லெண்ணெய் காய்ச்சி உருவி விடு, பூண்டுப்பால் குடி, யானைக்காலாக இருக்கப்போகிறது என்று. யானைக்கால் நோய் காவிரிப் படுகையில் பல தலைமுறைகளாகப் பார்த்துப் பழகிய நோய். அதனால் அந்தச் சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் யானைக்கால் வீக்கம் பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்லக் கூடும். ஓரிரு நாளில் ஒரு கெண்டைக்கால் வீங்கி, வலித்து, தொட்டால் சூடாகவும் இருந்தால், உள்ளே ஆழமாக ஓடும் சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் இதை டி.வி.டி. என்பார்கள். டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இந்த நிலையில் செய்யவே கூடாதது அந்தக் காலை உருவி விடுவது. உறைந்த கட்டி உடைந்தால் ரத்தத்தோடு மேலேறி, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம், இதில் எது வந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். சுளுக்கு என்று நினைத்து ஆசையாக எண்ணெய் தேய்த்து விடுகிற அம்மாவுக்கோ பாட்டிக்கோ இது தெரிய நியாயமில்லை. தெரிந்தவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சரி, பூண்டு, இஞ்சி, மஞ்சள் எல்லாம் ரத்தம் உறைவதைத் தடுக்கும் என்கிறார்களே, அது பொய்யா? முழுப் பொய் இல்லை. ஆய்வுக்கூடத்தில் இவற்றின் சாறுகள் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மாரடைப்பை உண்டாக்கும் தமனிக் கட்டியில்தான் தட்டணுக்களுக்குப் பெரிய பங்கு. காலில் ரத்தம் மெதுவாக ஓடும் சிரையில் உண்டாகும் கட்டி பெரும்பாலும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளும் அதில் சிக்கிய சிவப்பணுக்களும் சேர்ந்தது. ரத்த ஓட்டம் தேங்குவது, குழாயின் உள்சுவர் காயப்படுவது, ரத்தமே உறையும் தன்மை கூடுவது என்று இதற்கு மூன்று காரணங்களைச் சொல்வார்கள். ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோவின் பெயரால் அறியப்படும் பாகுபாடு அது. அறுவை சிகிச்சை முடிந்து படுத்தே இருக்கும் ஒருவருக்கு இந்த மூன்றும் சேர்ந்து வரலாம். தினம் நாலு பல் பூண்டு அவரைக் காப்பாற்றும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

மஞ்சளில் இன்னொரு விஷயம். அதிலுள்ள குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. அதனால் குர்குமின் கேப்ஸ்யூல்கள் பலவற்றில் மிளகின் பைப்பரின் சேர்க்கிறார்கள். பைப்பரின் குர்குமினை உள்ளே விடுவதோடு நிற்பதில்லை. வேறு சில மருந்துகளை உடல் கையாளும் வேகத்தையும் மாற்றக்கூடியது. ரசத்தில் போடும் மஞ்சளும் மிளகும் உணவு. ஒரு புட்டியில் அடைத்து வரும் அதன் சத்து மருந்து, அதற்குரிய எச்சரிக்கையும் வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பார்க்காததால்தான் பல வீடுகளில் சிக்கல் வருகிறது.

பூண்டும் மஞ்சளுமே போதும் என்று நம்புவதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இயற்கைப் பொருள்தானே, என்ன செய்துவிடும் என்ற அலட்சியம். 1920-களில் வட அமெரிக்காவில் மாடுகள் சின்னக் காயத்துக்கே ரத்தம் நிற்காமல் செத்தன. காரணம், ஈரத்தில் பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் என்ற தீவனப் பயிர். நல்ல பயிரில் இருந்த குமாரினைப் பூஞ்சை டைகுமரால் என்ற பொருளாக மாற்றியிருந்தது. வேதியியலாளர் கார்ல் பால் லிங்க்கின் குழுவினர் அமெரிக்காவின் விஸ்கான்சினில் அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்த வழியில் வந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதர்களுக்கும் மருந்தானது. அதே வகையைச் சேர்ந்ததுதான் நம்மூரில் பலர் சாப்பிடும் அசிட்ரோம். ஊசியாகப் போடும் ஹெப்பாரின் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. ஆக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் முக்கிய மருந்துகள் சிலவே இயற்கையிலிருந்து வந்தவைதான். அளவும் பரிசோதனையும் சேர்ந்த பிறகே அவை மருந்தாயின. பட்டையில் குமாரின் இருப்பதால் தினம் பட்டை கஷாயம் குடித்தால் வார்ஃபரின் மாதிரி வேலை செய்யும் என்று நினைப்பதும் தவறு. குமாரின் அந்த வேலையைச் செய்யாது. அளவு கூடினால் கல்லீரலுக்குத்தான் கேடு.

வயலில் காலைக் கவ்வும் அட்டையை எடுத்துவிட்ட பிறகும் ரத்தம் கசிந்துகொண்டே இருப்பதை நாற்று நட்ட எல்லோரும் பார்த்திருப்பார்கள். அட்டையின் எச்சிலில் உள்ள ஹிருடின் செய்கிற வேலை அது. 1884-இல் ஜான் ஹேகிராஃப்ட் இதைக் கவனித்து எழுதினார். பிற்பாடு அதைப் பின்பற்றியே சில மருந்துகள் உருவாயின. ஆனால் ஹிருடின் புதிதாக உறைவதைத் தடுக்கும், ஏற்கெனவே உறைந்ததைக் கரைக்காது. தோலில் விட்ட அட்டை ஆழத்தில் உள்ள சிரைக் கட்டிக்கு ஒன்றும் செய்வதற்கில்லை. ஏற்கெனவே ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் அட்டை விட்டுக்கொண்டால் ரத்தப்போக்கை நிறுத்துவதே பெரும்பாடாகிவிடும்.

இனி கீரைக்கு வருவோம். இதை விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். ரத்தம் உறைய உடலுக்கு வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின், அசிட்ரோம் இரண்டும் அதன் வேலையைத் தடுப்பவை. முருங்கை, அகத்தி போன்ற கரும்பச்சைக் கீரைகளில் அந்த வைட்டமின் நிறைய இருக்கிறது. உடனே கீரையே கூடாது என்று நிறுத்திவிடுகிறார்கள். அது தேவையில்லை, நல்லதும் இல்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டு வந்தால் போதும். மருத்துவர் அதற்கேற்ப மாத்திரை அளவை வைப்பார். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் பொதுவாக 2 முதல் 3-க்குள் இருக்கும்படி பார்ப்பார்கள். ஏற்ற இறக்கம்தான் ஆபத்து. ஏகாதசிக்கு ஒன்றும் சாப்பிடாமல், சிலர் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துவிட்டு, துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையை நிறைய சாப்பிடுவது இப்படிப்பட்ட ஏற்ற இறக்கம். விரதத்தை விடச் சொல்லவில்லை. மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், கீரையை வழக்கமான அளவில் வையுங்கள். அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகளுக்குக் கீரைப் பிரச்சினை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரைக்குச் சொன்ன பத்தியத்தை நாமும் பின்பற்றுவது வீண் என்பதற்கு இதுவே உதாரணம். ஜப்பானியர்கள் சாப்பிடும் நாட்டோ என்ற புளித்த சோயா உணவிலிருந்து எடுக்கும் நாட்டோகைனேஸ் மாத்திரையையும் சிலர் ஆன்லைனில் வாங்குகிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வேறு மாத்திரை சாப்பிடுபவர் மருத்துவரைக் கேட்காமல் அதைச் சேர்க்கக் கூடாது.

ஆய்வுகளே இல்லையா என்றால், உண்டு. சுமார் 40,000 பெண்களை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வில், ஒன்றுவிட்டு ஒரு நாள் 600 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்குச் சிரைக் கட்டிகள் சுமார் 21 சதவீதம் குறைந்தன. 2007-இல் வெளியான முடிவு அது. ஆனாலும் வைட்டமின் ஈ இன்றைக்கும் டி.வி.டி. தடுப்புக்கு வழக்கமாகத் தரப்படுவதில்லை. ரத்தப்போக்கு ஆபத்தும் அதில் உண்டு. 2012-இல் ருட்டின் என்ற தாவரப்பொருள் எலிகளில் கட்டி உண்டாவதைத் தடுத்ததாக ஓர் ஆய்வு வந்தது. எலியில் நடந்ததைக் கொண்டு நமக்கு மருந்து முடிவு செய்யக் கூடாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பிரசவம் ஆன பெண்களின் நிலை. கர்ப்ப காலத்திலும், பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரங்களிலும் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். அந்த 6 வாரங்கள்தான் உச்சம். சிசேரியன் என்றால் இன்னும் கூடும். அந்த நேரத்தில்தான் தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று அளந்து கொடுத்து, எழுந்து நடக்கவும் விடுவதில்லை. பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் தாராளமாகக் கொடுங்கள், அதில் தவறில்லை. ஆனால் தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள், மருத்துவர் அனுமதித்ததும் நடக்க விடுங்கள். இந்த இரண்டுக்கும் ஈடாக எந்த லேகியமும் இல்லை.

கோயில் திருவிழா, கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரையும் கவனிக்க வேண்டியது. ரத்தம் உறையும் ஆபத்தை அது கூட்டக்கூடியது. முன்பு டி.வி.டி. வந்தவர்கள் எடுக்கக் கூடாது. மற்றவர்களும் மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இரவுப் பேருந்தில் சென்னைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. ஆரோக்கியமானவர்களுக்கு அப்போதும் அது சின்ன ஆபத்துதான். இருந்தாலும் வண்டி நிற்கும் இடத்தில் இறங்கி நடங்கள், உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருங்கள். கெண்டைத்தசை சுருங்கும்போதுதான் சிரையில் உள்ள ரத்தம் மேலே தள்ளப்படுகிறது.

வீக்கம் வடிந்ததும் ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரையை நிறுத்துவது இன்னொரு பெரிய தவறு. குறைந்தது 3 மாதம் தொடர்வதுதான் வழக்கம். மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. அந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் மூட்டுவலிக்கு டைக்லோஃபெனாக் போன்ற வலிமாத்திரையைத் தானாக வாங்கிப் போட்டால் வயிற்றில் ரத்தம் கசியலாம். மலம் கறுப்பாகப் போனால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் நிற்காவிட்டால், தலையில் அடிபட்டால் தாமதிக்கக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும், அறுவை சிகிச்சைக்குப் போனாலும், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணம், பூண்டுக் கேப்ஸ்யூல், மீன் எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவர் மேசையில் வையுங்கள். சித்த மருத்துவரிடம் போகும்போது ஆங்கில மருந்துச் சீட்டையும் அதே பையில் எடுத்துச் செல்லுங்கள்.