மலைச்சாலைப் பதிவேடு: அளப்பது, எழுதுவது, புதுப்பிப்பது

மலைச்சாலைப் பதிவேட்டில் முதலில் கெட்டுப்போவது தூரம்தான். சிறுபாலத்தின் (சாலைக்கு அடியில் தண்ணீர் கடந்துபோகும் குழாய் அல்லது திறப்பு) விட்டமும் தாங்குசுவரின் உயரமும் பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் சரியாகவே இருக்கும். அவை எந்த இடத்தில் இருக்கின்றன என்று எழுதிய எண் மட்டும் பொய்யாகியிருக்கும். மண் சரிந்த இடத்தில் சாலையை மலைக்குள் தள்ளிப் போடுகிறார்கள், நீளம் 80 மீட்டர் கூடுகிறது. அந்த ஒரு மாற்றத்தால் அதற்கு மேலே உள்ள எல்லாச் சிறுபாலங்களும் சுவர்களும் வளைவுகளும் ஏட்டில் தவறான இடத்துக்குப் போய்விடுகின்றன. அதனால் எதை எழுதுவது என்று யோசிப்பதற்கு முன், இடத்தை எப்படிக் குறிப்பது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்

தொடக்கப் புள்ளியை "பேருந்து நிலையம்" என்றோ "சந்திப்பு" என்றோ எழுதினால் போதாது. இரண்டு சாலைகளின் நடுக்கோடுகள் வெட்டும் புள்ளி என்று எழுதி, அங்கிருந்து அசையாத மூன்று பொருள்களுக்கு நாடாவால் அளந்த தூரத்தையும் சேர்த்து எழுதுங்கள். பாலத்தின் மூலை, கட்டடத்தின் அடித்தளம், பெரிய பாறை ஆகியவை இதற்கு ஏற்றவை. மரமும் மின்கம்பமும் வேண்டாம். சரிவில் இரண்டுமே நகரும்.

செயினேஜ், அதாவது தொடக்கத்திலிருந்து சாலை வழியே அளந்த தூரம், ஒரே திசையில்தான் ஏற வேண்டும். இடம், வலம் என்பதும் அந்தத் திசையைப் பார்த்து நின்று சொல்வதே. ஆனால் மலையில் அது மட்டும் போதாது. மலைப்பக்கமா பள்ளப்பக்கமா என்பதையும் ஒவ்வொரு பொருளுக்கும் எழுத வேண்டும். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் மலை இடமிருந்து வலத்துக்கோ வலமிருந்து இடத்துக்கோ மாறும். அளக்கும் குழு மேலிருந்து கீழே இறங்கி வந்திருந்தால் இடம் வலம் தலைகீழாகப் பதிவாகியிருக்கும், மலைப்பக்கம் மாறாது. ஏட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி (நெடுவரிசை) இருந்தால் இந்தத் தவறு மேசையிலேயே பிடிபடும்.

பொருளின் இடத்தை முழுச் செயினேஜாக எழுதாமல், முந்தைய கிலோமீட்டர் கல்லிலிருந்து எழுதுவதே நல்லது: "கல் 23 + 140 மீ". கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உண்மையில் எவ்வளவு தூரம் என்பதைத் தனி அட்டவணையில் வையுங்கள். அது 987 ஆகவும் இருக்கும், 1042 ஆகவும் இருக்கும். 1000 ஆக்குவதற்காகக் கல்லைப் பிடுங்கி நடக்கூடாது. சாலை மாற்றிப் போடப்பட்டால் அந்த ஒரு இடைவெளியின் எண் மட்டும், தேதியோடு, மாறும். 31ஆம் கல்லுக்கும் 32ஆம் கல்லுக்கும் நடுவே 80 மீட்டர் கூடினாலும், கல் 40 + 215 என்ற இடம் அப்படியேதான் இருக்கும். முழுத்தூரம் வேண்டும்போது அட்டவணையைக் கூட்டிக்கொள்ளலாம்.

விழுந்த கல்லைத் திரும்ப நடும்போது முந்தைய கல்லிலிருந்து 1000 மீட்டர் அளந்து நடுவது பரவலாக நடக்கும் தவறு. பழைய குழி இருந்த இடத்தில்தான் நட வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு அசையாத பொருள்களிலிருந்து உள்ள தூரமும் ஆயத்தொலைவுகளும் (அட்சரேகை, தீர்க்கரேகை) பதிவேட்டில் இருக்க வேண்டும். ஆயத்தொலைவைப் பதின்மப் பாகையில், புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை எழுதினால் ஏறத்தாழ 1 மீட்டர் நுட்பம் கிடைக்கும். கைக்கருவிக்கு அதற்கு மேல் எழுதி ஒரு பயனும் இல்லை.

சொல்லால் வரும் குழப்பம் ஒன்றும் உண்டு. "23ஆம் கிலோமீட்டரில்" என்றால் கணக்குப்படி 22க்கும் 23க்கும் இடைப்பட்ட பகுதி. "கிலோமீட்டர் 23இல்" என்று சொல்பவர் 23ஆம் கல்லுக்கு அப்பால் நிற்கிறார். மழை இரவில் இந்த ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்தில் மண்வாரி இயந்திரம் தவறான வளைவில் போய் நிற்கும். பதிவேட்டின் முதல் பக்கத்தில் எந்த வழக்கு என்று எழுதி, எல்லோரும் அதையே பேச வேண்டும்.

அளக்கும் முறை

நடந்து தள்ளும் அளவுச் சக்கரமே அடிப்படைக் கருவி. வாகனத்தின் தூரமானி 100 மீட்டர் படிகளில் காட்டுவதால் சிறுபாலம் குறிக்க உதவாது. டயரின் தேய்மானமும் காற்றழுத்தமும் அதில் மேலும் பிழை சேர்க்கும். சக்கரத்தையும் அப்படியே நம்பிவிடாமல், நாடாவால் அளந்த 100 மீட்டர் நேர்ப்பாதையில் போகவும் வரவும் ஓட்டிப் பார்த்து, வரும் வித்தியாசத்தைக் களக்குறிப்பேட்டில் எழுதுங்கள். ஜல்லி பெயர்ந்த இடத்தில் சக்கரம் துள்ளினாலும் சேற்றில் சறுக்கினாலும் அளவு கெடும். அங்கே நாடாவுக்கு மாறுங்கள்.

ஏற்றத்தால் தூரம் எவ்வளவு பிழையாகும் என்று பலர் கவலைப்படுகிறார்கள். 8 சதவீத ஏற்றத்தில் சாய்வு நீளத்துக்கும் கிடைமட்ட நீளத்துக்கும் உள்ள வித்தியாசம் கிலோமீட்டருக்கு 3.2 மீட்டர், 10 சதவீதத்தில் 5 மீட்டர். வளைவில் தொலைவது இதைவிடப் பெரிது. 180 பாகை திரும்பும் கொண்டை ஊசி வளைவில் நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் உள்ளே தள்ளி நடந்தால் 6.3 மீட்டர் குறையும். ஒவ்வொரு வளைவிலும் உள்பக்கமாகவே குறுக்கிட்டுப் போனால் 20 வளைவுகளில் ஏறத்தாழ 125 மீட்டர் காணாமல் போகும். நடுக்கோட்டிலேயே நடக்கலாம் என்றால் போக்குவரத்து விடாது. ஆகவே தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே ஓரமாக நடங்கள். இடது வளைவில் குறைவது வலது வளைவில் கூடிச் சரியாகிவிடும். முன்னும் பின்னும் கொடியோடு ஒருவர் இல்லாமல் வளைவுக்குள் இறங்கக் கூடாது.

ஜிபிஎஸ் தடம் கட்டாயம் வேண்டும், ஆனால் நீளத்துக்காக அல்ல, வடிவத்துக்காக. ஒடுங்கிய பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரநிழலிலும் செயற்கைக்கோள் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் தடம் சாலைக்கு வெளியே தாவும். நொடிக்கு ஒரு புள்ளி என்று பதிய வைத்து, வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் குறைந்தது இரண்டு முறை நடந்து ஒப்பிடுங்கள். ஒவ்வொரு கல்லிலும் இரண்டு நிமிடம் நின்று சராசரி எடுங்கள். செயற்கைக்கோள் படத்தின்மேல் கோடு வரைந்தால் போதுமே என்று தோன்றும். சரிவான நிலத்தில் அந்தப் படம் உயர மாதிரியை, அதாவது நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் கணினித் தரவை, வைத்து நிமிர்த்தப்பட்டது. மாதிரி பிழைத்தால் சாலையே பக்கவாட்டில் நகர்ந்து தெரியும். கள அளவோடு ஒத்துப்பார்த்த பிறகே அதை நம்பலாம். 1:50,000 அளவுத்திட்ட வரைபடத்திலிருந்தும் நீளம் எடுக்காதீர்கள். அதில் அரை மில்லிமீட்டர் கோடு தரையில் 25 மீட்டர். நெருக்கமான வளைவுகள் வரைபவரால் எளிமையாக்கப்பட்டிருக்கும்.

உயரம் எழுதும்போது அது கடல்மட்டத்திலிருந்தா, நீள்கோளப் பரப்பிலிருந்தா (பூமிக்கு ஈடாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் சீரான வடிவம்) என்று குறிப்பிடுங்கள். கருவி எதைக் காட்டுகிறது என்பது அதன் அமைப்பைப் பொறுத்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உலகின் சில இடங்களில் 100 மீட்டரையும் தாண்டும்.

தண்ணீர் போகும் வழி

சாலை அகலத்தை 200 மீட்டருக்கு ஒரு முறையும் அகலம் மாறும் இடங்களிலும் எழுதினால் போதும். தார் அகலம் வேறு, சாலை மேடையின் முழு அகலம் வேறு, இரண்டும் வேண்டும். கொண்டை ஊசி வளைவில் உள்விளிம்பின் ஆரத்தையும் ஏற்றத்தையும் தனியாக எடுங்கள். உள்விளிம்பில் ஏற்றம் எப்போதும் கடுமையாக இருக்கும், நீளமான வண்டி மாட்டிக்கொள்வதும் அங்கேதான். சுவரில் தீட்டிய வளைவு எண்ணையும் எழுதுங்கள். ஆனால் அதை அடையாள எண்ணாக வைத்துக்கொள்ள வேண்டாம், மறுமுறை வண்ணம் பூசும்போது மாறிவிடலாம்.

அதிக நேரம் செலவிட வேண்டியது சிறுபாலங்களில். மலைச்சாலையைத் தண்ணீர்தான் அறுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வகை, திறப்பின் அளவு, குழாயின் நீளம், தண்ணீர் குழாய்க்குள் நுழையும் மலைப்பக்கத் தொட்டியின் ஆழம், படிந்த மண்ணின் உயரம் ஆகியவற்றை மில்லிமீட்டரிலோ மீட்டரிலோ எழுதுங்கள். "அடைப்பு உள்ளது" என்று எழுதினால் அடுத்த வருடம் வருபவருக்கு அது கூடியதா குறைந்ததா தெரியாது. "900 மி.மீ. குழாயில் 300 மி.மீ. மண்" என்றால் தெரியும். பிறகு கீழே இறங்கி வெளிவாயைப் பாருங்கள். தண்ணீர் விழும் இடத்தில் எத்தனை மீட்டர் அரித்திருக்கிறது, அரிப்பு சாலையின் அடி நோக்கி ஏறி வருகிறதா என்பது அங்கேதான் தெரியும். செங்குத்தாக இறங்க வேண்டியிருப்பதால் பெரும்பாலான ஏடுகளில் இந்தப் பத்தி வெறுமையாகவே கிடக்கிறது. இறங்க முடியவில்லை என்றால் "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். வெற்றிடம், பூஜ்யம், பார்க்கவில்லை ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு தகவல்கள்.

தாங்குசுவரில் நீளம், உயரம், கட்டிய பொருள் ஆகியவற்றோடு நீர்க்கசிவுத் துளைகள் மொத்தம் எத்தனை, அடையாதவை எத்தனை என்று எண்ணுங்கள். துளை அடைபட்ட சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி அழுத்துவதால்தான் வயிறு தள்ளுகிறது. தூக்குக்குண்டு தொங்கவிட்டு, எங்கே எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளங்கள். சாலையில் விரிசல் கண்டால் விரிசலுக்கு ஒரு பக்கம் இரண்டு ஆணி, மறுபக்கம் ஒன்று என்று முக்கோணமாக அடித்து, மூன்று தூரங்களையும் தேதியோடு எழுதுங்கள். இரண்டே ஆணி இருந்தால் விரிசல் அகலமாவது மட்டுமே தெரியும், பக்கவாட்டில் வழுக்குவது சரியாகத் தெரியாது.

மண்சரிவுக்குத் தனி ஏடு வையுங்கள். தேதி, மணி, எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை, மேலிருந்து விழுந்ததா அல்லது சாலையே கீழே போனதா, முந்தைய 24 மணி நேர மழை, முந்தைய 3 நாள் மழை, சாலை அடைபட்ட மணிநேரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். விழுந்த மண் ஆப்பு வடிவில் கிடந்தால் நீளம் × அகலம் × உயரம், அதில் பாதி. 30 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் என்றால் 225 கன மீட்டர். அள்ளிய லாரி நடைகளின் எண்ணிக்கையையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். அள்ளும்போது மண் மேலும் தளர்ந்து கன அளவு கூடும் என்பதால் இரண்டும் அப்படியே ஒத்துப்போகாது. இரண்டு மடங்கு வித்தியாசம் வந்தால் ஏதோ ஒன்றைத் தவறாக அளந்திருக்கிறோம்.

எண்ணும் கோப்பும்

சிறுபாலத்துக்கு "23/2" என்று எண் கொடுப்பது பழைய வழக்கம். கணினி அட்டவணையில் தட்டினால் அது பிப்ரவரி 23 ஆகிவிடும். "23-2" என்றாலும் அதே கதி. சேமித்துவிட்டால் மூல எண்ணை மீட்பது கடினம். எழுத்தில் தொடங்கும் எண்ணாக, "சிபா023-02" என்பதுபோல் வைத்து, பத்தியை முன்கூட்டியே உரை வடிவமாக்கிவிடுங்கள். நடுவே புதிதாக ஒன்று கட்டினால் 02அ. ஒருமுறை கொடுத்த எண்ணை, அந்தச் சிறுபாலமே அடித்துச் செல்லப்பட்டாலும், வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

எதையும் அழிக்காதீர்கள். அகலப்படுத்திய பிறகு பழைய அகலத்தின் மேல் புதியதை எழுதினால், முந்தைய விபத்தையோ சரிவையோ ஆராய்பவருக்கு அன்றைய சாலை கிடைக்காது. பழைய வரிக்கு முடிவுத் தேதி போட்டு, புதிய வரியை அடியில் சேருங்கள். ஒவ்வொரு வரியிலும் அளந்த தேதி, அளந்தவர், அளந்த விதம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். சக்கரம், நாடா, பழைய வரைபடம், கேள்வி என விதத்தைப் பிரித்துக் காட்டுங்கள். கேள்விப்பட்டதை எழுதுவதில் தவறில்லை, அளந்ததுபோல் எழுதுவதுதான் தவறு. களத்தில் பென்சிலே நல்லது, மழையில் மை கரையும். தவறினால் ரப்பர் போடாமல் ஒரே கோடாக அடித்து மேலே திருத்துங்கள்.

புகைப்படம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று, ஒன்று ஏறும் திசையிலும் ஒன்று இறங்கும் திசையிலும் எடுக்க வேண்டும். கல் எண்ணும் தேதியும் எழுதிய பலகை சட்டத்துக்குள் தெரியட்டும். கோப்பின் பெயர் மாறினாலும் பலகை பேசும்.

சாலை பொதுச்சாலை என்பதற்கான அறிவிக்கை, நில எல்லை வரைபடம், ஒப்படைப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களும் இதே பதிவேட்டைச் சேர்ந்தவை. மலையில் இதில் வரும் சிக்கல் தற்காலிக மாற்றுப்பாதை. சரிவுக்குப் பிறகு அவசரத்தில் யாருடைய நிலத்திலோ வெட்டிய பாதை வருடக்கணக்கில் நிலைத்துவிடும். ஆவணத்தில் சாலை இன்னும் பழைய, இல்லாத இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். மாற்றுப்பாதை திறந்த அன்றே அதன் தடம், அகலம், நில உரிமை, கிடைத்த ஒப்புதல், பழைய பாதை முறையாக மூடப்பட்டதா என்ற விவரம் அனைத்தையும் எழுதிவிடுங்கள். மாதங்கள் கடந்தால் சொல்ல ஆள் இருக்க மாட்டார். ஊர்ப்பெயர்களையும் வழக்கில் உள்ள எல்லா வடிவங்களிலும் சேருங்கள். ஆவணத்தில் ஒரு பெயரும் மக்கள் வாயில் வேறொன்றும் இருக்கும்.

வருடம் முழுக்க

மழைக்காலத்துக்கு முன் ஒரு முழு நடை, முடிந்ததும் ஒன்று, பெருமழை ஓய்ந்த ஒவ்வொரு முறையும் சிறுபாலங்களுக்கும் விரிசல் ஆணிகளுக்கும் மட்டும் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இருபது பதிவில் ஒன்றை வேறொரு குழு முந்தைய எண்களைப் பார்க்காமல் மறுபடி அளக்கட்டும். இடம் 5 மீட்டருக்கு மேல் விலகினால் அந்தக் கிலோமீட்டர் முழுவதையும் திரும்ப அளக்க வேண்டும். நகல் இரண்டு வேண்டும், அவற்றில் ஒன்று மலைக்கு வெளியே இருக்க வேண்டும்.

இரவுப் பணி வண்டியில், 5 கிலோமீட்டருக்கு ஒரு தாளாக, கற்களும் சிறுபாலங்களும் பழைய சரிவிடங்களும் மட்டும் அச்சிட்டு, நெகிழி உறையிட்டு வையுங்கள். சமிக்ஞை இல்லாத வளைவில் கைபேசி உதவாது. தாளின் மூலையில் அச்சிட்ட தேதி இருக்கட்டும். புதிய தாள் வந்ததும் பழையதை வண்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.