மல்டிகாஸ்டுக்கு மைய ரவுட்டரை எங்கே வைப்பது?

யாழ்ப்பாணத்தில் நெட்வேர்க் போடுகிற பொடியளில் பலர் மல்டிகாஸ்டின் (ஒரே தரவை ஒரு தடவை அனுப்பி, கேட்கிற பல இடங்களுக்கும் வழியில் பிரித்துக் கொடுக்கும் முறை) மைய ரவுட்டரை, அதாவது அனுப்புபவரும் கேட்பவரும் சந்திக்கிற ஆர்பியை, நகர அலுவலகத்திலேயே வைத்துவிடுகிறார்கள். பெரிய பெட்டி அங்கே இருக்கிறது என்பதுதான் காரணம். அது போதாது.

முதலில் அனுப்புவது யார் என்று பாருங்கள். நல்லூர்த் திருவிழா நேரலைபோல ஒரே இடத்திலிருந்துதான் போகிறது என்றால் மையமே தேவையில்லை, 232.0.0.0/8 முகவரியில் எஸ்எஸ்எம் (அனுப்புபவரையே குறிப்பிட்டுக் கேட்கும் மல்டிகாஸ்ட்) போட்டு, கேட்பவர்களின் பக்கம் ஐஜிஎம்பி (எதைக் கேட்க வேண்டும் என்று ரவுட்டரிடம் சொல்லும் நெறிமுறை) 3ஆம் பதிப்பு இருக்கிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. பல இடங்களும் மாறி மாறி அனுப்புகிற வகுப்பு, கூட்டம் என்றால்தான் மையத்தைத் தேட வேண்டும். அதிலும் சிஸ்கோ ரவுட்டர்கள் வழமையாக முதல் பாக்கெட் வந்ததுமே அனுப்புபவரிடமிருந்து வரும் குறுகிய பாதைக்கு மாறிவிடும். அப்படி மாற விட்டால் மையத்தின் இடம் அவ்வளவு முக்கியமில்லை, அது விழாமல் நிற்பதுதான் முக்கியம். மாறாமல், மையம் வழியாகவே எல்லோருக்கும் கிளை பிரிகிற பொது மரத்திலேயே ஓடட்டும் என்று வைத்தால் இடம்தான் எல்லாம்.

சரி, கணக்குக்கு வருவோம். எல்லா உறுப்பினர்களையும், அதாவது அனுப்பிக் கேட்கிற இடங்களை, இணைக்கும் மிகச் சிக்கனமான மரத்தைக் கண்டுபிடிப்பது ஸ்டைனர் மரப் பிரச்சினை, 1972இலேயே கணினி விஞ்ஞானி ரிச்சர்ட் கார்ப் அதைக் கணினிக்கே கடினமான கணக்குகளின் பட்டியலில் சேர்த்துவிட்டார். நமக்கு அது வேண்டாம், ஐந்தாறு ரவுட்டர் என்றால் ஒவ்வொன்றையும் மையமாக வைத்துக் கையாலேயே பார்த்துவிடலாம். பாக்கெட் மையத்துக்கு ஏறி இறங்குகிறது என்பதால், மையத்திலிருந்து மிகத் தூரமான இரண்டு உறுப்பினர்களின் தாமதத்தைக் கூட்டுங்கள், குறைவாக வருவதை எடுங்கள்.

கற்பனையாக இப்படி வைப்போம்: யாழ் நகர்–கோப்பாய் 2 மில்லிசெக்கன், கோப்பாய்–நெல்லியடி 3, நெல்லியடி–பருத்தித்துறை 2, நகர்–சுன்னாகம் 3, நகர்–சாவகச்சேரி 4. உறுப்பினர்கள் பருத்தித்துறை, நெல்லியடி, சுன்னாகம் மூன்றும்தான் என்றால் நகருக்கு 7+5=12, கோப்பாய்க்கு 10, நெல்லியடிக்கும் 10. சமமாக வந்தால் எல்லா உறுப்பினர்களின் தாமதத்தையும் கூட்டிப் பாருங்கள், கோப்பாய் 13, நெல்லியடி 10. ஆகவே நெல்லியடி. ஆனால் நாளைக்குச் சாவகச்சேரியும் சேர்ந்தால் நெல்லியடி 17க்கு ஏறிவிடும், நகர் 12, கோப்பாய் 11. அதனால் இன்றைக்கு இருப்பவர்களை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், இனிச் சேரக்கூடியவர்களையும் சேர்த்துப் போட்டால் இங்கே நான் கோப்பாயைத்தான் எடுப்பேன்.

அப்புறம், கரண்ட் நின்றால் அந்த இடத்தில் பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று நேரில் போய்ப் பாருங்கள். ஆர்பி முகவரியை லூப்பேக்கில் (ரவுட்டருக்குள்ளேயே இருக்கும், கேபிள் இல்லாத இன்டர்ஃபேஸ்) வையுங்கள், இன்டர்ஃபேஸ் ஒன்று விழுந்தாலும் முகவரி நிற்கும். முடிந்தால் அதே முகவரியை இரண்டு ரவுட்டர்களில் கொடுத்து எனிகாஸ்ட் ஆர்பி (இணையத் தரநிலை ஆவணம் ஆர்எஃப்சி 4610) ஆக்குங்கள். கடைசியாக ஒவ்வொரு ரவுட்டரிலும் 'ஷோ ஐபி பிம் ஆர்பி மேப்பிங்' அடித்து எல்லாமே ஒரே மையத்தைக் காட்டுகிறதா என்று வடிவாகப் பாருங்கள், ஒன்று மாறிக் காட்டினாலும் அதற்குப் பின்னால் இருப்பவர்களுக்குப் படம் வராது.