மழை ஊரில் விஷ்ணுகிராந்தி வளர்ப்பது எப்படி?

விஷ்ணுகிராந்திக்குப் பிடித்தது காய்ந்த, கல்லும் மணலுமான வெட்டவெளி. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலோ மாலையானால் மழை. மூன்று முறை விதைத்து இழந்து, இப்போதுதான் வாசலில் நீலப்பூ பார்க்கிறேன்.

முதலில் சட்டி. மண்சட்டியே வாங்குங்கள், பிளாஸ்டிக் ஈரத்தை விடாது. அம்மா பத்திரப்படுத்தியிருந்த, ரப்பர் பால் பிடிக்கும் மங்கில் ஆசையாக விதைத்தேன். அடியில் ஓட்டை இல்லை, நாற்று அழுகிவிட்டது. கலவைக்கு ஆற்று மணல் மூன்று பங்கு, உடைத்த செங்கல் இரண்டு பங்கு, மண் ஒரு பங்கு. உரம் வேண்டாம்.

அடுத்து விதை. இரண்டு முறை நான் ஏமாந்தது இங்கேதான். ஈர மண்ணில் ஒரு மாதம் கிடந்தும் விதை போட்டபடியே இருந்தது. விதை செத்துவிட்டது என்று நினைத்தேன். அப்படியில்லை, அதன் ஓடு தண்ணீரை உள்ளே விடாது. கத்தியால் கீறினால் பருப்பும் வெட்டுப்படும். ஒரு தீப்பெட்டிக்குள் நைசான உப்புத்தாளை ஒட்டி, விதையைப் போட்டு மூன்று நிமிடம் குலுக்குங்கள். பளபளப்பு மங்கினால் போதும். பிறகு இரவு முழுக்க வெதுவெதுப்பான நீரில் ஊறட்டும். காலையில் உப்பியதை மட்டும் விதையுங்கள். உப்பாதது மறுபடி தீப்பெட்டிக்குப் போகட்டும். எனக்கு ஒன்பதாம் நாள் முளை வந்தது.

பூக்க வேண்டிய சட்டியிலேயே விதைத்துவிடுங்கள். வேர் நேராக ஆழமாக இறங்கும், பிடுங்கி நட்டால் தாங்காது.

சரி, தண்ணீர். கங்கோங்குக் கீரையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் இதன் குடும்பம்தான், ஆனால் கங்கோங்குக்குத் தண்ணீர் உயிர், இதற்கு எமன். காலை வெயில் படும்படி தகரக் கூரையின் ஓரத்தில், சாரல் விழாத இடத்தில் வையுங்கள். விரலை விட்டுப் பார்த்து, இரண்டு கணு ஆழம் காய்ந்தால்தான் ஊற்ற வேண்டும். அக்டோபர், நவம்பர் மழையில் நான் வாரம் ஒருமுறைகூட ஊற்றுவதில்லை.

குச்சி நடாதீர்கள். இது எதையும் சுற்றி ஏறாது, தரையோடு படரும். எவால்வுலஸ் என்ற அறிவியல் பெயருக்கே சுருளாதது என்றுதான் பொருள். பூ காலையில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். வாடிவிட்டது என்று பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்.

பிற்சேர்க்கை: நர்சரியில் வாங்கிய செடி நன்றாகப் பூக்கிறது, இதுதானா என்று இருவர் கேட்டிருந்தார்கள். அது புளூ டேஸ், பிரேசில் பக்கத்துச் சொந்தக்காரன். அதன் பூ எங்கள் 20 காசு நாணயத்தின் அகலம் இருக்கும். விஷ்ணுகிராந்திப் பூ சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. இலையைத் தடவினால் பட்டு மாதிரி ரோமம் விரலில் படும்.