அப்பா கேட்பது ஒன்று, நாம் சொல்லும் பதில் வேறொன்று

பெங்களூரில் அனிமேஷன், நாடகம், ஓவியம் என்று இறங்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலரின் வீட்டில் அப்பா ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) போன்ற மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவராக இருப்பார். சிலருடைய குடும்பம் கோலார் தங்கவயலிலிருந்து வந்திருக்கும். இந்த வீடுகளில் நடப்பதைக் கலை ஒரு பக்கம், குடும்பம் ஒரு பக்கம் என்ற சண்டையாகப் பார்ப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

தங்கவயல் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலைகளை இழுத்து மூடும் முடிவு 2016-ல் வந்தது. நிரந்தரம் என்று நம்பிய வேலையே கைவிட்டதைப் பக்கத்து குவார்ட்டர்ஸில் பார்த்த மனிதர் அந்த அப்பா. “மாசம் என்னம்மா வரும்?” என்று அவர் கேட்டால், வேலை வராத மாதத்தில் நீ என்ன செய்வாய் என்று அர்த்தம். நாமோ இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று காட்டுகிறோம், பத்திரிகையில் வந்த படத்தை நீட்டுகிறோம். அவர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு “சரி, நல்லாயிருக்கு” என்று சொல்லி மறுபடி அதையே கேட்பார். நமக்கு முகம் தொங்கிவிடுகிறது.

அவருக்குக் காட்ட வேண்டியது கணக்கு. ஒரு வருடத்தில் எந்த மாதம் எவ்வளவு வந்தது, வராத மாதத்தில் எதை வைத்து வாடகை கட்டினீர்கள், மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று எழுதி வையுங்கள். ஃப்ரீலான்ஸ் வேலையில் பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. முப்பது வருடம் சம்பளச் சீட்டு வாங்கியவருக்கு இது உங்களைவிட நன்றாகத் தெரியும், அதனால் அதை முதலில் நீங்களே எடுத்துப் பேசுங்கள். அஞ்சலகத்திலோ வங்கியிலோ ஒரு பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு தொடங்கினால் வருடத்துக்குக் குறைந்தது 500 ரூபாய் போட்டாலும் அது உயிரோடு இருக்கும், 15 வருடத்தில் முதிர்வடையும். பில் தொகையில் 10 சதவீதம் டி.டி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடித்தார்கள் என்றால் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். கட்ட வேண்டிய வரி போக மிச்சம் திரும்பி வரும். இளம் கலைஞர்கள் பலர் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். இந்தக் காகிதங்களோடு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் தொழிலைப் பற்றி அவர் கேட்கும் முதல் நல்ல கேள்வி அங்கேதான் வரும்.

வேலையை விட்டதை மறைப்பது அடுத்த தவறு. ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ என்று சொல்லி அறைக்குள் படம் வரைகிறவர்கள் இருக்கிறார்கள். யாராவது ஒரு உறவினர் அதே கம்பெனியில் இருப்பார், ஏதோ ஒரு கல்யாணத்தில் விஷயம் வெளியே வரும். அதற்கப்புறம் நீங்கள் காட்டும் கணக்கை யார் நம்புவார்கள்?

“சுஜாதா வேலையை விட்டாரா?” இந்தக் கேள்வி பெங்களூர்த் தமிழ் வீடுகளில் நிச்சயம் வரும். அவர் இங்கே பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிக் குவித்தவர். இதைக் கேட்டதும் கோபப்படாதீர்கள். எழுத்துக்கு அப்பா சொல்வது நியாயம்தான், எழுதுகிறவர் அவசரப்பட்டு ராஜினாமா செய்யத் தேவையில்லை. ஆனால் மேடை ஒளியமைப்பையோ நடனத்தையோ ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையில் செய்துவிட முடியாது. ஒத்திகைக்குப் பகல் வேண்டும், கூட ஆட்கள் வேண்டும். உங்கள் கலை இதில் எந்த வகை என்று நிதானமாகச் சொல்லுங்கள். “நீங்க உங்க ஆசையை விட்டுட்டீங்க, நானும் விடணுமா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த ஆசையை அவர் விட்டது உங்கள் பள்ளிக் கட்டணத்துக்காகவும் இருக்கலாம்.

பெற்றோரை எதற்கு அழைக்கிறோம் என்பதிலும் யோசனை வேண்டும். உங்கள் ஆகக் கடினமான பரிசோதனை நாடகத்துக்கு முதல் தடவையே அம்மாவைக் கூட்டிப்போக வேண்டாம். ஜே.பி. நகர் ரங்க சங்கரா நாடக அரங்கம் என்றால் இன்னொன்றும் உண்டு. அங்கே காட்சி தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடமாட்டார்கள், நடிப்பவரின் அம்மா என்றாலும் அதே விதிதான். கே.ஆர். புரத்திலிருந்து நெரிசல் மிகுந்த சில்க் போர்டு சந்திப்பு வழியாக வருகிறவர்களை மதியமே கிளப்பிவிடுங்கள். ஓவியர்கள் ஜனவரியில் குமாரகிருபா சாலையில் நடக்கும் சித்ர சந்தை என்ற ஓவியச் சந்தைக்கு அப்பாவை அழைக்கலாம். முன்பின் தெரியாத ஒருவர் பேரம் பேசி, பணம் கொடுத்து, உங்கள் படத்தைச் சுருட்டி எடுத்துப்போவதை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

ஒரு தவறை மட்டும் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். அப்பாவுக்குப் பிடிக்கும் என்பதற்காகவே அடுத்த படைப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாராட்டு வரவில்லை என்று தங்களுக்கு வராத பாணியில் சாமி படம் வரையத் தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் “நல்லாயிருக்கு”தான் கிடைத்தது, கையிலிருந்த கோடும் போயிற்று. வேலை சரியாக வந்திருக்கிறதா என்பதை அந்தத் தொழில் தெரிந்தவர்களிடம், ஒத்திகைக் கூடத்திலும் ஸ்டுடியோவிலும் கேளுங்கள். காட்சி முடிந்த அதே ராத்திரி, காரில் வீடு திரும்பும்போது, “எப்படிப்பா இருந்தது?” என்று அப்பாவை நெருக்காதீர்கள். எதில் தொடங்குவது என்றே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இரண்டு நாள் கழித்து, அந்த மேடைக்கு விளக்கு வாடகை எவ்வளவு என்று அவராகக் கேட்டால் விவரமாகச் சொல்லுங்கள்.