நியூசிலாந்தில் பார் மேனேஜர் சான்றிதழ்: ஊரில் பழைய கேஸ் இருந்தால் எப்படி விண்ணப்பிப்பது

மலேசியாவில் சுங்கை சிப்புட், தாப்பா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நியூசிலாந்துக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் பலர் ரெஸ்டாரண்டிலும் பாரிலும் இருக்கிறார்கள். கொஞ்ச நாளில் முதலாளி மேனேஜர் சான்றிதழ் எடுக்கச் சொல்வார். ஊரில் ஒரு பழைய வழக்கு உள்ளவர்கள் அந்த இடத்திலேயே பயந்து பின்வாங்கிவிடுகிறார்கள். பயப்படத் தேவையில்லை. ஆனால் பாரத்தைத் தொடுமுன் உங்கள் கோர்ட் தாளைச் சரியாகப் படித்திருக்க வேண்டும்.

இங்கே பீர் லைசென்ஸ் என்றால் கடைக்காரர் பாடு. அங்கே கடைக்கு ஒரு லைசென்ஸ், அதை நடத்தும் ஆளுக்குத் தனியாக ஒரு சான்றிதழ். மது விற்கும் நேரமெல்லாம் சான்றிதழ் உள்ள ஒரு மேனேஜர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டு மதுபான விற்பனைச் சட்டம்.

முதலில் முடிக்க வேண்டியவை

வயது 20 நிறைந்திருக்க வேண்டும். எல்சிகியூ (LCQ) என்ற மது உரிமப் பொறுப்பாளர் தகுதியை எடுங்கள்; அதில் 4646, 16705 என இரண்டு பாடப் பிரிவுகள். பிறகு உள்ளூர் கவுன்சிலில் (நகராட்சியில்) உள்ள மாவட்ட உரிமக் குழுவிடம் விண்ணப்பம். கட்டணம் 316.25 டாலர். முதல் சான்றிதழ் ஒரு வருடத்துக்கு, புதுப்பித்தால் மூன்று வருடத்துக்கு.

எது தண்டனைப் பதிவு, எது இல்லை

நம் ஆட்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கடையில் சண்டை, முதல் குற்றம், ஜெயில் இல்லை, மாஜிஸ்திரேட் 'பொன் பெர்கெலாக்குவான் பாய்க்', அதாவது நன்னடத்தைப் பிணை, எழுதி வாங்கி அனுப்பிவிட்டார். "அது கேஸே இல்லப்பா, பொன்தானே" என்று வீட்டில் சொல்வார்கள். நம்பி 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். நன்னடத்தைப் பிணை இரண்டு பிரிவுகளில் வரலாம்.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173ஏ பிரிவில் வந்தால், குற்றம் நிரூபணமானாலும் நீதிமன்றம் தண்டனைப் பதிவு செய்யாமல் விடுவிக்கிறது. 294ஆம் பிரிவில் வந்தால், குற்றவாளி என்று பதிவு செய்துவிட்டு, தண்டனைக்குப் பதிலாகத்தான் பிணை எழுதி வாங்குகிறது. கையில் கிடைக்கும் தாள் இரண்டுக்கும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே உத்தரவில் பிரிவு எண்ணைத் தேடுங்கள். பக்கத்தில் 'சாபித்தான்', அதாவது குற்றவாளி என்ற பதிவு, என்ற மலாய்ச் சொல் எப்படி வருகிறது என்று பாருங்கள். 294 என்றால் பாரத்தில் எழுதியே ஆகவேண்டும். 173ஏ என்றாலும் பிணை நிபந்தனையை மீறியிருந்தால் பிறகு தண்டனை வந்திருக்கலாம், அதையும் சரிபாருங்கள்.

தாள் தொலைந்திருந்தால், வழக்கு நடந்த நீதிமன்றப் பதிவகத்தில் வழக்கு எண், ஐசி எண் கொடுத்துச் சான்றளித்த நகல் கேளுங்கள். குற்றப்பத்திரிகை, இறுதி உத்தரவு, அபராத ரசீது மூன்றும் வேண்டும். மலாய்த் தாளைக் கூகிளில் போட்டு ஒட்டாதீர்கள். சான்றளித்த மொழிபெயர்ப்புக்குக் கோலாலம்பூரில் ஐடிபிஎம் (ITBM) என்ற மொழிபெயர்ப்பு நிறுவனம் இருக்கிறது. என் பரிந்துரை அதுதான். விஸ்மா புத்ராவின், அதாவது மலேசிய வெளியுறவு அமைச்சின், நன்னடத்தைச் சான்றிதழ் தேவைப்பட்டால் இ-கொன்சுலார் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 20 ரிங்கிட். இதற்கு ஏஜெண்டிடம் நூற்றுக்கணக்கில் கொடுப்பது வீண்.

போக்குவரத்து சமனுக்குக் கோர்ட் போகாமல் கட்டிய கொம்பவுண் (சமரச அபராதம்) தண்டனைப் பதிவு ஆகாது. குடித்துவிட்டு ஓட்டி, சாலைப் போக்குவரத்துச் சட்டம் 45ஏ பிரிவில் கோர்ட்டில் தண்டனை வாங்கியது கண்டிப்பாக ஆகும்.

வருடக் கணக்கு

உரிமக் குழு விண்ணப்பதாரரின் தகுதி, தண்டனைகள், சமீபத்திய அனுபவம், பயிற்சி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும். இத்தனை வருடம் காத்திரு என்று சட்டத்தில் எண் இல்லை. ஆனால் 1995இல் அப்போதைய உரிம ஆணையம் ஒரு தீர்ப்பில் சொன்ன அளவுகோலை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். பாரதூரமான குற்றம், மது சம்பந்தப்பட்ட குற்றம், பாரில் வேலை செய்யும்போதே நடந்த குற்றம் ஆகியவற்றுக்கு ஐந்து வருடம் சுத்தமாக இருக்க வேண்டும். குடித்து ஓட்டியது ஒரே ஒரு தடவை, வேறு சிக்கல் எதுவும் இல்லை என்றால் குறைந்தது இரண்டு வருடம்.

தண்டனை விதித்த தேதியிலிருந்து எண்ணுங்கள், பிடிபட்ட நாளிலிருந்து அல்ல. 2022இல் பிடிபட்டு 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்திருந்தால், 2026 மார்ச்சுக்குப் பிறகு போடுவது நல்லது. இரண்டாவது தடவையும் குடித்து ஓட்டியவர்கள் இரண்டு வருடக் கணக்கை மறந்துவிடுங்கள். போதைப்பொருள் சிறுநீர் சோதனையில் சிக்கி, அபாயகரப் போதைப்பொருள் சட்டம் 15(1)(ஏ) பிரிவில் அபராதம் கட்டியவர்களும் அதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

விளக்கக் கடிதம்

ஒரு பக்கம் போதும். தேதி, பிரிவு, என்ன நடந்தது, என்ன தண்டனை, அபராதம் கட்டியாயிற்றா, அதற்குப் பிறகு என்ன மாறியது. "நண்பன் இழுத்துவிட்டான்" வேண்டாம். பொறுப்பை ஏற்காதவரிடம் குடிபோதையில் உள்ள வாடிக்கையாளரை எப்படி ஒப்படைப்பது என்றுதான் குழு யோசிக்கும். முதலாளி கடிதத்தில் உங்கள் பழைய வழக்கு அவருக்குத் தெரியும் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அந்த வரி இல்லாத பாராட்டுக் கடிதத்துக்கு எடை குறைவு.

அனுப்பிய பிறகு

விண்ணப்பம் போலீசுக்கும் உரிம ஆய்வாளருக்கும் போகும். எதிர்ப்புத் தெரிவிக்கப் போலீசுக்கு 15 வேலை நாள். ஆய்வாளர் நேரில் கூப்பிட்டு, போதையில் உள்ளவரை எப்படி அடையாளம் காண்பீர்கள் என்று கேட்பார். கடிதத்தில் எழுதியதும் வாயில் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். எதிர்ப்பு வந்தால் விசாரணை நடக்கும். ஓடிவிடாதீர்கள், போய் உட்காருங்கள்.

பின்சேர்க்கை

"ஏழு வருடம் ஆனால் எல்லாம் அழிந்துவிடுமாமே?" என்று பலரும் கேட்பதால் இது. நியூசிலாந்தின் 2004ஆம் ஆண்டு கிளீன் ஸ்லேட் சட்டம் அந்நாட்டு நீதிமன்றம் விதித்த தண்டனைகளுக்கு மட்டுமே. சிறை சென்றவர்களுக்கு அதுவும் கிடையாது. ஈப்போவில் வந்த தீர்ப்பை அது மறைக்காது.

173ஏ கிடைத்தவர்களுக்கு இன்னொன்று: தகுதி என்பது தண்டனையிலிருந்து தனியான கேள்வி. அந்தச் சம்பவத்தையே போலீஸ் எழுப்பலாம், ஆகவே கோர்ட் உத்தரவின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

குழு மறுத்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு 10 வேலை நாள்தான். தீர்ப்புக் கடிதம் வந்த அன்றே காரணங்களைப் படியுங்கள். "இன்னும் காலம் போதவில்லை" என்பது மட்டுமே காரணமானால், மேல்முறையீட்டில் பணம் போடாமல் காத்திருந்து புதிதாக விண்ணப்பிப்பதே மேல்.