சிற்றலைக் கம்பி ஆன்டெனா: வாங்கவா, கட்டவா?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி கேட்க ஆசைப்படுகிறவர்கள் ஆன்டெனாவை வாங்குவதா, கட்டுவதா என்று கேட்டால் என் பதில்: கட்டுங்கள். கடையில் விற்கும் அகலப்பட்டைக் கம்பி ஆன்டெனாவின் பெட்டியைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் ஒரு ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப்பொருள்) வளையமும் கொஞ்சம் செப்புக் கம்பியும்தான்.

43 ரக ஃபெரைட் வளையம் ஒன்று, மின்னணு உதிரிபாகக் கடைகள் இருக்கும் சிம் லிம் டவர் பக்கமோ இணையத்திலோ தேடுங்கள். எனாமல் பூசிய கம்பியால் ஒரு பக்கம் 15 சுற்று, எதிர்ப்பக்கம் தனியாக 5 சுற்று. சுற்று விகிதம் 3:1 என்றால் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) விகிதம் 9:1, அதாவது 450 ஓம் 50 ஓமாக இறங்கும். 15 சுற்றின் ஒரு முனையில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் கம்பி, மறுமுனையில் சுவரோரம் தரையில் கிடக்கும் 5 மீட்டர் கம்பி. 5 சுற்று, ரேடியோவுக்குப் போகும் கோஆக்சியல் கேபிளுக்கு. இரண்டு சுருளும் ஒன்றையொன்று தொடாமல் இருந்தால்தான் கேபிள் வழியாக ஏறும் வீட்டு இரைச்சல் குறையும். எனாமலைச் சுரண்டாமல் ஈயம் வைத்துவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க ரேடியோவைத் திட்டியவன் நான்; செம்பு பளபளவென்று தெரியும்வரை சுரண்டுங்கள்.

கம்பியை வெளியே தொங்கவிட வேண்டாம், கீழே ஆள் நடக்கிற இடம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு அலையை மறைக்கும் என்பதால் ஜன்னலை ஒட்டியே உள்ளே ஓட்டுங்கள், இரவில் 31 மீட்டர் பட்டையைத் தடவிப் பாருங்கள். இடி இடித்தால் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

சரி, எப்போது வாங்கலாம்? அவ்வளவு கம்பிக்கு இடமே இல்லை, எல்இடி விளக்கும் சார்ஜரும் இரைச்சலைக் கொட்டுகின்றன என்றால், மின்சாரத்தில் ஓடும் சிறிய வளைய ஆன்டெனா வாங்குங்கள். அதைத் திருப்பித் திருப்பி இரைச்சல் அடங்கும் திசையைப் பிடிக்கலாம், கம்பியில் அது நடக்காது.